நிலைப்படி தாண்டாத ரேடியோகிராம்

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் முப்பது பேர் நின்று கத்திக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்திருக்கலாம். அடிதடி ஒன்றும் இல்லை. ஒரு பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகிற வேலை. அவ்வளவுதான்.

பெட்டி என்றால் டிரங்குப் பெட்டி இல்லை. ரேடியோகிராம்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வயிற்றில் ரேடியோ, தலையில் ரிக்கார்டு சுற்றும் தட்டு, இரண்டு விலாவிலும் ஸ்பீக்கர். எல்லாவற்றையும் சேர்த்து மூடத் தேக்கு மரம். மேலே ஒரு ஆள் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம். அடியில் நாலு கால் - ஒவ்வொன்றும் ஒரு அடி நீளத்துக்கு, பென்சிலைச் சீவிக் கவிழ்த்த மாதிரி.

எடையா? அதைத் தூக்கியவர்களைத்தான் கேட்க வேண்டும். நான் தூக்கவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சின்னதாக ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. எந்தப் பள்ளியிலும் போய்ப் படித்ததில்லை. முதன்முதலில் எங்கள் வீட்டு ரேடியோவைப் பிரித்து மூடியபோது மூன்று திருகாணி மிச்சமிருந்தது. ஆனாலும் அது பாடியது. அன்றிலிருந்து ஊர் என்னை நிபுணர் என்கிறது. நானும் மறுத்ததில்லை. நீங்களாக இருந்தால் மறுப்பீர்களா?

சரி, பெட்டிக்கு வருவோம்.

நடேசன் என்று எனக்கு ஒரு நண்பர். நாலு தறி வைத்திருக்கிறார். ஒரு தறி அவர் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. அவருடைய ஒரே மகள் கஸ்தூரிக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பெண். இரண்டு இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் இடத்துக்காரர்கள் போனவர்கள் போனவர்கள்தான். இரண்டாம் இடத்தில் பையனின் தாய்மாமன் கூடத்தின் நடுவில் நின்று நாலு சுவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தறி இருக்குது... வேற ஒண்ணும் காணமே" என்றாராம்.

கஸ்தூரி அதை மறந்துவிட்டாள். அவளுடைய அம்மா ராஜம்மாளும் மறந்துவிட்டாள். நடேசனால் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கூட, "வேற ஒண்ணும் காணமே" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாராம்.

மூன்றாவதாகத் தென்னேரியிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் பெயர் சுந்தரம். வாலாஜாபாத்தில் வாத்தியார். வீட்டில் தறியும் உண்டு, கொஞ்சம் நிலமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை நடேசன் என் கடைக்கு வந்தார்.

"ரேடியோக்காரரே, கூடத்துல ஒரு சாமான் வேணும். உள்ள காலெடுத்து வெச்சவுடனே கண்ணுல அடிக்கணும். இன்னா வாங்கலாம், சொல்லு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நாலு நாற்காலி வாங்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் சனி. காந்தி ரோட்டு வக்கீல் ஒருவர் மெட்ராஸுக்குக் குடிபோகிறார், ரேடியோகிராமை விற்கப் போகிறார் என்று சொல்லிவிட்டேன்.

"பாட்டு கேப்பீங்களா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"பாட்டா? எனக்கு எதுக்குப்பா பாட்டு? பொழுதுக்கும் தறிச் சத்தம் போதாதா?"

அவர் ஒருவர்தான் அப்படி என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் ரேடியோகிராம் வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அதன் மேல் ஒரு பின்னல் துணி இருக்கும். துணி மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தாஜ்மகால் இருக்கும். பக்கத்தில் தலையாட்டி பொம்மை, பையன் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை. ஒரு பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் முதலில் தாஜ்மகாலைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தொல்லைக்கு யார் பாட்டுக் கேட்கிறார்கள்? பக்கத்து டீக்கடை ரேடியோவில் கேட்டுக்கொள்கிறார்கள்.

வக்கீல் நல்ல மனிதர். தன்னிடம் இருந்த ஒரே ரிக்கார்டையும் சும்மாவே கொடுத்துவிட்டார். என்ன ரிக்கார்டு என்று நாங்கள் பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கியாகிவிட்டது. கொண்டுவருவது எப்படி?

"கட்டை வண்டியில போட்டு ஓட்டிக்கினு வந்துடலாமா?" என்று கேட்டார் நடேசன்.

இங்கேதான் நான் நிபுணரானேன். "உள்ள எல்லாம் வால்வு. கண்ணாடி. வண்டி ஒரு பள்ளத்துல இறங்கினா போதும், போச்சு. அதிரவே கூடாது" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். வால்வுகளைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். கால் மணி நேர வேலை. அப்புறம் பெட்டியைக் கழுதை மேல் ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படிச் சொன்னால் எனக்கு என்ன மரியாதை இருக்கிறது? 'அதிரவே கூடாது' என்று சொன்னபோது நடேசன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்காகத்தான் சொன்னேன்.

நடேசன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அதிராமத் தூக்கணும். அவ்ளோதான? நம்ம ஊர்ல அதுக்கா ஆள் இல்ல?"

ஆமாம். வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது. நம் ஊர்க்காரனுக்குத்தான் வரும். அவர் நேரே சின்ன காஞ்சிபுரத்துக்குப் போய், சாமி தூக்குகிற கோவிந்தனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்.

கோவிந்தனையும் அவர் ஆட்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உற்சவத்தில் கருட வாகனத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு எட்டு மைல் நடந்தாலும் சாமி கழுத்து மாலையில் ஒரு பூ உதிராது. அப்படிப்பட்ட தோள்கள். சாமி தூக்குகிற கோயில் தண்டைக் கொண்டுவர மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அது நியாயம். இரண்டு சவுக்குக் கழிகளை நடேசனே வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் வக்கீல் வீட்டுக்கு வந்தார்கள். கோவிந்தன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மொகம் எந்தப் பக்கம்?"

எனக்குப் புரியவில்லை. ஸ்டேஷன் முள் ஓடுகிற கண்ணாடிப் பக்கத்தைக் காட்டினேன்.

"அப்ப அது முன்னால பாத்துக்கினு வரணும்" என்று சொல்லிவிட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

"நீளவாக்குல கட்டினா தெருவுல போறது சுலபமாச்சே" என்றேன்.

"பக்கவாட்டுலயா? பக்கவாட்டுல எப்படிங்க ஊர்வலம் போறது?"

தூசி படக் கூடாது என்று நடேசன் ஒரு புது ஜரிகை வேட்டியைப் பெட்டி மேல் போர்த்தினார். அதுதான் தப்பாகப் போயிற்று. ஜரிகை வேட்டி போர்த்திய ஒரு உருவம் எட்டுத் தோள்களில் அசைந்து அசைந்து வருகிறது... முன்னால் நடேசன், பின்னால் நான். காஞ்சிபுரத்தில் ஜனங்கள் என்ன செய்வார்கள்? செருப்பைக் கழற்றினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்றார். ஒரு அம்மாள் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டாள்.

"இன்னிக்கு இன்னா உற்சவம்?" என்று என்னைக் கேட்டாள்.

ரேடியோகிராம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தனியார் உற்சவம்மா" என்றேன்.

ராஜ வீதியில் ஒரு இடத்தில் எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். முட்டுக் கட்டைகளைக் கழிகளுக்கு அடியில் கொடுத்துவிட்டு இடுப்புத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார்கள்.

"ஏன்பா நின்னுட்டீங்க?" என்றார் நடேசன்.

"இங்க நிக்கறது வழக்கங்க."

"அது சாமிக்குப்பா."

"நாங்க நிக்கலீங்க. எங்க தோளு நின்னுடுது. நாங்க இன்னா பண்றது?"

தோள்கள் நாலு இடத்தில் நின்றன. ஒவ்வொரு இடத்திலும் நீர்மோரோ பன்னீர் சோடாவோ கொடுத்தால்தான் நகர்ந்தன. பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தால் தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழை, குறுக்கே ஒரு விரல் பட்டால் சிக்கு. பாவு நீட்டியிருக்கும் தெருவில் சாமியே ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தோம். அத்தனை வெயிலையும் மொத்தமாகத் தலையில் வாங்கிக்கொண்டு, பெட்டி நடேசன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு.

தோளை விட்டு இறக்காமல் எட்டுப் பேரும் நின்றார்கள்.

"ம்... உள்ள கொண்டாங்க" என்றார் நடேசன்.

கோவிந்தன் வீட்டு வாசலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "உள்ளயா? உள்ள கொண்டுபோறது எங்க வேல இல்லீங்களே."

"பின்ன சாமிய எங்க இறக்குவீங்க?"

"நாங்க எங்கங்க இறக்கறோம்? மண்டபத்துல எங்க தோள் ஒயரத்துக்கு மேடை இருக்குது. போயி நிப்போம். பட்டருங்க வந்து சாமிய எடுத்து உள்ள ஏளப் பண்ணிக்குவாங்க. முப்பது வருசமாத் தூக்கறேங்க. ஒரு தடவ கீழ வெச்சதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நடேசன் வீட்டு வாசலில் மேடையும் இல்லை, பட்டரும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. நம் ஊரே இப்படித்தானே? ஒருவரைத் தோளில் தூக்க வேண்டும் என்றால் கேட்ட இடத்தில் எட்டுப் பேர் கிடைப்பார்கள். மேடைக்கு வருகிறவர், தேர்தலில் ஜெயித்தவர், நேற்று வரை யாரென்றே தெரியாதவர்... யாராக இருந்தாலும் மாலை போட்டுத் தூக்கிவிடுவோம். எப்படி இறக்குவது என்று மட்டும் யோசிப்பதில்லை. மேலே இருக்கிறவருக்கும் இறங்கத் தோன்றுவதில்லை. பாவம், அவர் கால் தரையில் பட்டு எத்தனை வருஷம் ஆகிறதோ.

தெரு கூடிவிட்டது. தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். யோசனை சொல்கிறவர்கள் இருபத்திரண்டு பேர். ஒரு ரிட்டையர்டு ஓவர்சியர் வந்து வாசலைச் சாண் போட்டு அளந்தார். பெட்டியையும் சாண் போட்டு அளந்தார். "போகாது" என்றார். பிறகு திரும்பவும் அளந்து, "போகும், ஆனா போகாது" என்றார். ஒருவர் ஓட்டைப் பிரித்து மேல் வழியாக இறக்கலாம் என்றார். பெட்டியைச் சாய்த்து நிறுத்தலாமா என்று இன்னொருவர் கேட்டதற்குக் கோவிந்தன் காதைப் பொத்திக்கொண்டார். "சாய்க்கறதா? தோள்ல வெச்சதை நாங்க சாய்க்க மாட்டோங்க."

கடைசியில் என் யோசனை எடுபட்டது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். கட்டை அவிழ்த்து, கையில் பிடித்து, நீளவாக்கில் உள்ளே தள்ளுவது.

தள்ளினார்கள். முன்னங்கால் இரண்டும் நிலைப்படியைத் தாண்டின. அதற்குள் பெட்டி வாசலை அடைத்துக்கொண்டது. பெட்டிக்கும் நிலைக்கும் நடுவில் கையை வைத்திருந்தால் விரல் நசுங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். தொம் என்று உட்கார்ந்தது. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால், இந்தப் பக்கம் இரண்டு கால் - குதிரை மேல் உட்கார்ந்த ஐயனார் மாதிரி.

இனி இழுத்தாலும் தள்ளினாலும் கால் நிலைப்படியில் முட்டுகிறது. உள்ளே போய் முன்பக்கம் தூக்கலாம் என்றால் உள்ளே போவது எப்படி? அந்த வீட்டுக்குப் பின்வழி கிடையாது. பின்னால் அடுத்த தெரு வீட்டுச் சுவர். ஆண்கள் எல்லோரும் வெளியே. உள்ளே ராஜம்மாளும், புடவை கட்டிப் பூ வைத்துத் தயாராக இருந்த கஸ்தூரியும்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, அந்தக் கால் இருக்குது பாரு..."

"சும்மா இரும்மா. பெரியவங்க பேசிக்கினு இருக்கோமில்ல" என்றார் நடேசன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ரேடியோ மாமா, கால் வந்து..."

"பயப்படாதம்மா. காலுக்கு ஒண்ணும் ஆவாது. பர்மா தேக்கு" என்றேன் நான்.

மூன்றாம் தடவையும் ஏதோ சொன்னாள். ஓவர்சியர் கோணத்தை விளக்கிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை.

மூன்று மணி ஆயிற்று. தெருமுனையில் ஜட்கா சத்தம் கேட்டது.

பையன் சுந்தரம், பையனின் அம்மா பட்டம்மாள், பழத்தட்டு. மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். நடேசன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடினார்.

"வாங்கம்மா, வாங்க தம்பி. உள்ள வாங்க, உள்ள வாங்க..."

எங்கே வருவது?

பட்டம்மாள் வாசலைப் பார்த்தாள். நல்ல உயரமான மனுஷி. நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. "இன்னா அண்ணே, உங்க ஊர்ல பத்தாயத்த வாசல்லதான் வெப்பீங்களா?"

"பத்தாயம் இல்லம்மா. ரேடியோகிராம்."

"பாடுமா?"

"நல்லாப் பாடும்மா."

"வாசல்ல நின்னுக்கினா?"

இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். நடேசனும் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலி வந்தது. தெருவில் உட்காரவைத்து அவர்களுக்குச் சோடா கொடுத்தோம். மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்கால் ஆயிற்று. ஓவர்சியர்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். "இப்ப இன்னா அவசரம்? இன்னிக்குப் போயிட்டு அடுத்த வாரம் வரட்டுமே."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனால் என்ன அர்த்தம் என்று இந்தத் தெருவுக்குத் தெரியாதா? நாளை எந்த இடத்திலிருந்து விசாரித்து வந்தாலும், 'தென்னேரிக்காரங்க உள்ளயே போவாமத் திரும்பிட்டாங்க' என்றுதான் முதல் பேச்சு வரும். இரண்டு இடம் தட்டிப்போன பெண்ணுக்கு மூன்றாவதும் இப்படி என்றால்...

நடேசன் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். கண்ணில் அடிக்கிற சாமான் வேண்டும் என்று கேட்டார் அல்லவா? ஊர்க் கண் அத்தனையிலும் அடித்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் சுந்தரம் எழுந்தான். பெட்டி பக்கத்தில் போய் நின்றான்.

"உள்ள யாரோ பேசறாங்களே" என்றான்.

அவன் சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருப் புழுதியில் முழங்காலைப் போட்டுக் குனிந்து, பெட்டிக்கு அடியில் பார்த்தான். பெட்டிக்கும் நிலைப்படிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் அந்தப் பக்கம் ஒரு முகம்.

நான் பக்கத்தில் நின்றதால் எல்லாம் கேட்டது.

"கால் கழலுங்க" என்றாள் கஸ்தூரி.

"எந்தக் கால்?"

"நாலும். திருகுக் கால்தான், மேல மரை தெரியுது. நிலைப்படியில இடிச்சப்ப இந்தக் கால் லேசாத் திரும்பிச்சு. ஒரு மணி நேரமாச் சொல்லிக்கினே இருக்கறேன்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"யாருகிட்டச் சொல்லல?"

சுந்தரம் தலையை நிமிர்த்தி எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்ட வகுப்பைப் பார்க்கிற பார்வை. திரும்பவும் குனிந்தான்.

"கழட்டணும்னா கனத்தைத் தூக்கணுமே" என்றான்.

இதற்குப் பதில் பின்னாலிருந்து வந்தது. பட்டம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். "ஏன்யா, வண்டிச் சக்கரம் சேத்துல பூந்தா இன்னா பண்ணுவீங்க? நின்னு பேசிக்கினா இருப்பீங்க? அந்தக் கழிய அடியில வுட்டு நெம்புங்க."

சவுக்குக் கழியைப் பெட்டிக்கு அடியில் விட்டார்கள். நிலைப்படி மேல் அது சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது. வெளியே இருக்கிற முனையை அழுத்தினால் உள்ளே இருக்கிற பக்கம் எழும்பும். கோவிந்தனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"நெம்பற வேல எங்களுக்கு..."

"இதுவும் தூக்கறதுதான்பா" என்றாள் பட்டம்மாள். "தோளுக்குப் பதிலாக் கை. அழுத்து."

அழுத்தினார்கள். உள்பக்கம் இரண்டு அங்குலம் எழும்பியது. மணைப் பலகைகளை அடுக்கி முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கிறீச், கிறீச் என்று திருகுகிற சத்தம். "ஒண்ணு" என்றாள் கஸ்தூரி. "ரெண்டு" என்றாள். வெளிப் பக்கத்தைக் கோவிந்தன் ஆட்கள் கையாலேயே தூக்கினார்கள். சுந்தரம் மற்ற இரண்டு காலையும் கழற்றினான். அப்புறம் என்ன? கால் இல்லாத பெட்டி, மேசை டிராயர் மாதிரி நிலைப்படி மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை.

மணி நாலே கால். எல்லோரும் உள்ளே போனோம்.

கூடத்தில் கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். காப்பித் தட்டோடு வர வேண்டிய பெண் இரண்டு கையிலும் இரண்டு காலோடு நின்றாள். விரலெல்லாம் மசகு. எதிரே சுந்தரம். அவன் கையிலும் இரண்டு கால். முழங்காலில் தெருப் புழுதி.

"நல்லா இருக்குது போ" என்றாள் பட்டம்மாள். "தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே காலு மாத்திக்கிறீங்களா?"

ராஜம்மாள் பதறிப்போய், "கஸ்தூரி, போய் மொகம் கழுவிக்கினு காப்பி கொண்டா" என்றாள். "இனிமே எதுக்கு அதெல்லாம்? அதான் பாத்தாச்சே" என்றாள் பட்டம்மாள். "அடியில பூந்து பாத்தாச்சு. இதுக்கு மேல எப்படிப் பாக்கறது?"

இத்தோடு விட்டிருக்கலாம். நடேசன் விடுவாரா? இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த சாமான் பாடிக் காட்ட வேண்டாமா? என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பிளக்கைச் சொருகினேன். வால்வு ஒன்றும் போகவில்லை - கோவிந்தனின் தோளுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். வக்கீல் கொடுத்த அந்த ஒரே ரிக்கார்டைத் தட்டில் வைத்து முள்ளை இறக்கினேன்.

கரகரவென்று ஒரு வெள்ளைக்காரர் பேசினார். "குட் மார்னிங்." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "திஸ் இஸ் எ டேபிள்."

இங்கிலீஷ் கற்றுக்கொள்கிற ரிக்கார்டு.

"இன்னா சொல்லுது?" என்று மகனைக் கேட்டாள் பட்டம்மாள்.

"இது ஒரு மேசைன்னு சொல்லுதும்மா."

அவள் கால் கழற்றிய பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "அது பொய் சொல்லல" என்றாள்.

புதன்கிழமை நடேசன் கடைக்கு வந்தார். கையில் வெற்றிலை பாக்கு, பழம். எனக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது.

"முடிஞ்சிச்சு ரேடியோக்காரரே. ஆனா மாப்பிள்ளை வூட்ல ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க."

நகையா, ஸ்கூட்டரா? வாத்தியார் பையன் அப்படித் தெரியவில்லையே.

"ரேடியோகிராமை மட்டும் சீரோட அனுப்பிடக் கூடாதாம். அவங்க வூட்டு வாசல் நம்ம வாசலைவிடச் சின்னதாம்."

சிரித்தோம். மனசு விட்டுச் சிரித்தோம். பிறகு நடேசன் சிரிப்பை நிறுத்தினார்.

"அவங்க சரின்னு சொன்னதும் நான் கஸ்தூரியக் கேட்டேன். ஒனக்குச் சம்மதமாம்மான்னு. இது வரைக்கும் நான் அவளை அப்படி ஒண்ணும் கேட்டதில்ல, தெரியுமா? அவ இன்னா சொன்னா தெரியுமா?" கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'அன்னிக்கு முப்பது பேர் நின்னுக்கினு இருந்தீங்கப்பா. குனிஞ்சவரு அவர் ஒருத்தர்தான்'னா."

அந்த முப்பதில் நான் ஒருவன், நடேசன் ஒருவர்.

நேற்று ஏரியல் கட்டிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரேடியோகிராம் கூடத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏற்கெனவே ஒரு தாஜ்மகால் வந்துவிட்டது. கஸ்தூரி காப்பி கொடுத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மாமா, ரேடியோகிராமுக்குக் கால் கழலும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தான?"

"தெரியும்மா. எத்தினியோ கழட்டி மாட்டியிருக்கறேன்."

"அப்புறம் ஏன் மாமா அன்னிக்குச் சொல்லல?"

எங்கே சொல்வது? நான்தான் பேசிக்கொண்டே இருந்தேனே.